சாக்பீஸ் தின்ற எலி

தையற்கடையில் சாக்பீஸ் காணாமல் போவது ஊர் கூடிப் பேசுகிற விஷயம் இல்லை. துணிக்கு அடியில் மறையும், மேசை இடுக்கில் விழும், மிதிபட்டு மாவாகும். ஆனால் ஒரு டப்பா முழுசும், பன்னிரண்டு வில்லையும், ஐந்தே நாளில் காலி என்றால் எவருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்? மெஷின்காரருக்கு வந்தது.

"எலிதான்," என்றார் அவர், துப்பறிந்து முடித்தவர் போல.

ஒன்பது படி ஏறிப் போக வேண்டிய மாடிக்கடை அது. உள்ளே இருப்பவர்கள் மூன்றே பேர். ஜன்னலோரம் தைப்பவர் மெஷின்காரர். நடுவில் பெரிய மேசையருகே நின்று துணி வெட்டுபவள் அவர் மனைவி. தெருவே அவளைக் கட்டிங் அக்கா என்று கூப்பிடும். மூலையில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் துளை போடுகிறவள் அவருடைய தங்கை. அந்தத் துளைக்குக் காஜா என்று பேர், அதனால் அவளுக்கும் காஜா என்றே பேர் நிலைத்துவிட்டது. வாய் மட்டும் அவளுக்கு ஊசியைவிடக் கூர்மை.

அந்த எலி யார் என்பதை உங்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். கட்டிங் அக்காதான்.

நாற்பது வயசுப் பொம்பளை, பொறுப்பான குடும்பஸ்தி, சாக்பீஸ் தின்கிறாள் என்றால் நம்ப முடிகிறதா? அவளாலேயே நம்ப முடியவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் துணியில் கோடு போடும்போது அந்த வாசனை மூக்கில் ஏறியது. முதல் மழை பெய்த மண் மாதிரி ஒரு வாசனை. நாக்கு ஊறியது. ஓரத்தில் ஒரு துளி கடித்தாள். அவ்வளவுதான், அன்றைக்குப் பிடித்த பித்து. இப்போது காலையில் ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று, கடை சாத்துவதற்குள் அரையாவது போகாவிட்டால் கை பரபரக்கும்.

சாக்பீஸ் மட்டும் என்றால் பரவாயில்லை. கூடவே வேறு சிலதும் வந்து சேர்ந்தன. அதற்கெல்லாம் அக்கா தன் தொழில் புத்தியிலேயே காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். ஒன்பது படி ஏறினால் மூச்சு வாங்கியது. 'ரவிக்கை இறுக்கம்' என்று முடிவு கட்டி, இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டாள். அடுத்த மாதமும் மூச்சு வாங்கியது. இன்னொரு அரை அங்குலம் விட்டாள். அதற்கும் அடுத்த மாதம், பிரிப்பதற்கு உள்ளே துணியே இல்லை. பட்டி வைத்துத் தைத்துக்கொண்டாள். ஆள் இளைத்துக்கொண்டே போகிறாள், ரவிக்கை பெருத்துக்கொண்டே போகிறது. ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற மகராசிக்குத் தன் உடம்பின் மேல் ஒரு தரம் டேப்பைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை பாருங்கள்!

கண்ணாடியில் முகம் வெளிறித் தெரிந்ததா? புது டியூப்லைட் மேல் பழி. நகம் தட்டையாகி நடுவில் குழிந்ததா? விரலில் மாட்டும் அங்குஸ்தான் அழுத்தியிருக்கும். காதுக்குள் 'தக் தக்' என்று ஒரு சத்தமா? இந்த மனுஷன் மெஷின்தான், எண்ணெய் போடவே மாட்டார்.

ஒரு மத்தியானம் கரண்ட் போய் மெஷின் நின்றது. கடையே அமைதியாயிற்று. அவள் காதில் மட்டும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டாள்; இன்னும் பலமாகக் கேட்டது.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. காரணம் கத்தரிக்கோல்.

பதினாலு வருஷமாக அந்தக் கடையின் பெரிய கத்தரிக்கோல் அவள் கையை விட்டு வேறு கைக்குப் போனதில்லை. கட்டை விரல் நுழையும் வளையத்தில், தன் ஒல்லி விரலுக்குத் தோதாக, சிவப்புத் துணி சுற்றி வைத்திருந்தாள். தப்பாகத் தைத்தால் பிரிக்கலாம். தப்பாக வெட்டினால் என்ன செய்வது? அதனால் அந்த மேசைக்கு ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதை மேல் காஜாவுக்கு ஒரு கண். வெட்டு மிஞ்சிய துண்டுகளை எடுத்து மத்தியானத்தில் சும்மா சும்மா வெட்டிப் பார்ப்பாள். "ஒரு நாள் எனக்கும் குடுங்களேன் அண்ணி, கத்தரி தேய்ஞ்சா போயிடும்?" என்று கேட்பாள். தலை சுற்றுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கத்தரிக்கோல் அந்தப் பக்கம் போய்விடும். போனது திரும்பி வருமா? கட்டிங் அக்காவின் பயம் அது ஒன்றுதான்.

அதனால் தலை சுற்றும்போதெல்லாம் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மெஷின்காரர் எலிப்பொறி வாங்கி வந்தார். மூன்று நாள் வைத்தார். அவர் விரலைத் தவிர வேறெதுவும் அதில் மாட்டவில்லை.

"இது லேசுப்பட்ட எலி இல்ல. சாக்பீஸ் மேலயே மருந்து தடவி வெச்சுட வேண்டியதுதான்," என்றார்.

கட்டிங் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயையோ, வேணாங்க! பாவம், வாயில்லா ஜீவன்!"

காஜா தலையைத் தூக்கிப் பார்த்தாள். போன வருஷம் கரப்பான் பூச்சியைச் செருப்பாலேயே கடைசிப் படி வரை துரத்திய அண்ணி இவள். "என்ன அண்ணி, எலிக்கு இவ்வளவு பரிஞ்சு பேசுறீங்க? உறவா?"

"போடி, வேலையப் பாரு."

காஜா வேலையைப் பார்த்தாள். எந்த வேலையை என்பதுதான் விஷயம். அண்ணன் வாங்கி வைத்திருந்த மருந்துப் பொட்டலத்தை முதலில் தூக்கிக் குப்பையில் எறிந்தாள். பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு நாள் அண்ணியையே பார்த்தாள். மூன்றாம் நாள் சாக்பீஸ் டப்பாவைக் காலி செய்து, தேய்ந்துபோன வெள்ளைச் சோப்புத் துண்டுகளைச் சாக்பீஸ் வடிவிலேயே செதுக்கி அடுக்கி வைத்தாள். கோடு போட சாக்பீஸ் இல்லாதபோது தையற்காரர்கள் சோப்பை எடுப்பது வழக்கம்தான்; கடையில் அதற்குப் பஞ்சமில்லை.

அன்று காலை பஸ் கண்டக்டர் ஒருவர் சட்டைக்கு அளவு கொடுக்க வந்திருந்தார். கட்டிங் அக்கா அவர் தோளில் டேப்பை வைத்தாள், எண்ணைச் சொன்னாள், மெஷின்காரர் எழுதிக்கொண்டார். "கையத் தூக்குங்க," என்று சொல்லிவிட்டு, அவர் கையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்த்த இடைவெளியில், டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடக்கென்று கடித்தாள்.

கண்டக்டர் திரும்பியபோது அவளுடைய வாயோரம் நுரை தள்ளிக்கொண்டிருந்தது.

"ஐயோ, அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சு!" என்று தூக்கிய கையை இறக்காமலே அலறினார்.

மெஷின்காரர் பார்த்தார். நுரை. எலி மருந்துப் பொட்டலம் வைத்த இடத்தைப் பார்த்தார். காலி. அவ்வளவுதான், மனுஷன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, மருந்தத் தின்னுட்டாளே! நான் பாவி, நானே வாங்கிக் குடுத்தேனே! உனக்கு என்ன குறை வெச்சேன்?"

"சோப்புங்க!" என்றாள் கட்டிங் அக்கா. சொல்லும்போதே வாயிலிருந்து இரண்டு குமிழி பறந்தது.

காஜா சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த சட்டையெல்லாம் கீழே விழுந்தது. "புடிச்சாச்சு அண்ணே, எலியப் புடிச்சாச்சு! ரவிக்கை போட்ட எலி!" என்று சொம்புத் தண்ணீருடன் ஓடி வந்தாள். "ஆ காட்டுங்க அண்ணி. நல்லாக் கொப்புளிங்க. ஏன் அண்ணி, கேட்டா நான் முட்டை வாங்கித் தந்திருக்க மாட்டேனா? சாக்பீஸா திம்பாங்க?"

அண்ணியின் கீழுதட்டைப் பிடித்து இழுத்து உள்ளே பார்த்தாள். சிரிப்பு நின்றது.

உதட்டின் உள்பக்கம், ஈறு, நாக்கு எல்லாம் ரத்தமே இல்லாமல், வெளுத்த துணி மாதிரி இருந்தது. சோப்பு அப்படி வெளுக்காது. காஜா அண்ணியின் கையைப் பிடித்தாள்; ஐஸ் மாதிரி சில்லென்றிருந்தது.

"எத்தன நாளா அண்ணி இப்படி?"

"ஒண்ணுமில்லடி, டியூப்லைட்டு..."

"டியூப்லைட்டு வாய்க்குள்ளயுமா எரியுது?" என்று கத்தினாள் காஜா. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

டாக்டரம்மா கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்தது.

"ஹீமோகுளோபின் ஆறரைதான் இருக்கு. பன்னெண்டாவது இருக்கணும். இதை வெச்சுக்கிட்டு எப்படிம்மா மாடி ஏறுனீங்க?"

"ரவிக்கையத் தளர்த்திக்கிட்டேன்," என்றாள் கட்டிங் அக்கா பாவமாக.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த கேள்வி கேட்டார். "மாசாமாசம் போக்கு எப்படி?"

மெஷின்காரர் நாகரிகமாக வெளியே போனார். கட்டிங் அக்கா யோசித்தாள். ஒரு வருஷமாகவே எட்டு நாள், பத்து நாள் என்று நீண்டுகொண்டிருந்தது. வயசானால் அப்படித்தான் போல என்று இருந்துவிட்டாள். எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? தெரிந்த கணக்கில் சொன்னாள். "மாசத்துக்கு ஒரு நாலு மீட்டர் காடாத்துணி ஆகுதுங்க."

"நாலு மீட்டரா!" டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சாப்பாடு?"

காஜா முந்திக்கொண்டாள். "எல்லாரும் சாப்ட்டு மிச்சம் இருக்கறதுதான் டாக்டர். கூடவே ஒரு டம்ளர் டீ. சோறு தொண்டையத் தாண்டறதுக்குள்ள டீய ஊத்திடுவாங்க."

"போறது நாலு மீட்டர், வர்றது ஒண்ணுமில்ல. வர்ற கொஞ்ச நஞ்ச இரும்புச் சத்தையும் டீ சேர விடாது. அப்புறம் எங்கேருந்து ரத்தம் ஊறும்?"

கட்டிங் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மனசை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டே விட்டாள். "சாக்பீஸ் தின்னேன் டாக்டர். அதனாலதான் இப்படி ஆயிடுச்சா?"

"மாத்திச் சொல்றீங்க. ரத்தம் குறைஞ்சதாலதான் சாக்பீஸ் கேட்டிருக்கு. சில பேருக்கு மண்ணு, சில பேருக்கு ஐஸ்கட்டி, பச்சரிசி. இது திருட்டுப் புத்தி இல்லம்மா, நோய். என்ன, அதைத் தின்னா இரும்பு இன்னும் சேராது."

ஆறு மாதமாக அழுத்திக்கொண்டிருந்த வெட்கம் அந்த ஒரு வார்த்தையில் பாதி இறங்கியது. காதில் கேட்கும் மெஷின் சத்தத்தையும் சொன்னாள்; இறங்கிய இடத்தில் டாக்டரம்மா பயத்தை ஏற்றி வைத்தார். "உங்க காதுல கேட்டது மெஷின் இல்ல, இதயம். இருக்கற கொஞ்சம் ரத்தத்த வெச்சு அது ரெண்டு ஆள் வேலை பார்க்குது. இன்னும் விட்டிருந்தா அதுவே களைச்சுப் போயிருக்கும்."

ஸ்கேனில் கர்ப்பப்பையில் சின்னதாக ஒரு கட்டி தெரிந்தது. மருந்திலேயே அடக்கிப் பார்க்கலாம் என்றார்கள். இரும்புச் சத்தை ஊசி வழியாக ஏற்றினார்கள். மாத்திரையும் கொடுத்தார்கள், டீயோடு சேர்க்கக் கூடாது என்று மூன்று தரம் சொல்லி. கடைசியாக வந்தது இடி.

"தலை சுத்துற கையில கத்தரிக்கோல் வேணாம். மூணு மாசம் ஓய்வு."

கட்டிங் அக்கா காஜாவைப் பார்த்தாள். காஜா வேறு எங்கோ பார்த்தாள்.

அந்த மூன்று மாதம் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். உடம்பு தேறியது. ஆனால் வீட்டில் படுத்துக்கொண்டு, மேசையருகே காஜா நிற்பதையே நினைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் மெஷின்காரர் வந்ததும், "எப்படி வெட்டறா?" என்பாள். "நல்லாத்தான் வெட்டறா," என்பார் அந்த அப்பாவி. அன்றிரவு முழுக்க அவரோடு பேச மாட்டாள். காஜாவோ தினமும் வாசலிலிருந்தே குரல் கொடுப்பாள். "எலி மாத்திரை முழுங்கியாச்சா? வாயத் தொறங்க, பாக்கணும்."

பத்து நாளுக்கு ஒரு தரம் கண்ணாடி முன்னால் நின்று இமையை இழுத்துப் பார்த்தாள். வெள்ளை மெல்ல ரோஜாவாயிற்று. காதுச் சத்தம் ஓய்ந்தது. ரவிக்கை தொளதொளவென்று தொங்கியது. பட்டியைப் பிரித்து எறிந்து பழைய அளவுக்கே பிடித்துத் தைத்தாள்.

பரிசோதனையில் பதினொன்றரை வந்தது. மறுநாள் ஒன்பது படியையும் ஒரே மூச்சில் ஏறினாள். ஏறும்போது ஒன்றே ஒன்றுதான் மனசில்: மேசை இன்னும் நம்முடையதா?

காஜா மேசையருகே நின்றுகொண்டிருந்தாள். அண்ணியைக் கண்டதும் டப்பாவைத் திறந்து எண்ணினாள். "பன்னெண்டு. சாயங்காலம் திரும்ப எண்ணுவேன்."

கட்டிங் அக்கா ஒரு வில்லையை எடுத்து மோந்து பார்த்தாள். சுண்ணாம்புத் தூள் வாசனை. இதைப் போய் எப்படித் தின்றோம் என்றிருந்தது.

"இந்தாங்க," என்று காஜா கத்தரிக்கோலை நீட்டினாள். "இனிமே உங்க பாடு."

வாங்கினாள். விரல் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்ச் சரியாக உட்கார்ந்தது. வளையத்தில் அதே சிவப்புத் துணி. மேல் சுற்றில் புதிதாக ஒரு கறுத்த கறை. தான் சுற்றிய சுற்று, தான் போட்ட முடிச்சு, காஜா அவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை. காஜாவின் கை பருத்த கையாயிற்றே, இது எப்படி நுழைந்தது?

"கையக் காட்டு."

"எதுக்கு அண்ணி?"

"காட்டுடி."

காஜாவின் கட்டை விரல் முட்டியில் தோல் உரிந்து, ஆறி, திரும்ப உரிந்து, சிவந்து வீங்கியிருந்தது. மூன்று மாதமும் அந்த இறுகிய வளையத்துக்குள் விரலைத் திணித்தே வெட்டியிருக்கிறாள்.

"பைத்தியம்! துணியப் பிரிச்சுட்டு வெட்டறதுக்கென்ன?"

காஜா கையை இழுத்துக்கொண்டாள். "பிரிச்சா உங்க அளவு போயிடும்ல."

கட்டிங் அக்காவுக்குப் பதினாலு வருஷம் யாரைப் பார்த்துப் பயந்தோம் என்று நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேசையில் கிடந்த புது வெள்ளைத் துணியைப் பிரித்தாள். ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டினாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் போட்ட முதல் வெட்டு அது. காஜாவின் கையை இழுத்து வைத்து, கட்டை விரலில் சுற்ற ஆரம்பித்தாள்.

"கோணலா வெட்டியிருக்கீங்க அண்ணி," என்றாள் காஜா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.