மூன்றாம் பந்தி இணையம்

எங்கள் வீட்டில் இணையக் கம்பெனி கொடுத்த ரவுட்டர் பந்தி வைத்துத்தான் இணையம் பரிமாறும். முதல் பந்தியில் அப்பாவும் தம்பி தினகரும். இரண்டாவதில் ஹால் டிவி. மூன்றாவதில் அம்மாவும் நானும். எங்கள் இலைக்கு வரும்போது வாளியில் ரசம் மட்டும்தான் இருக்கும். ரசத்தில் எழுத்து தெரியும், படம் தெரியாது.

கும்பகோணத்தில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்பாள் அம்மா. எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்பது ஒரு வாதமே இல்லை என்பேன் நான்.

தப்பு எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். இணைப்பு வந்த வருஷம் ஆயுத பூஜையில் அம்மா ரவுட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். கிரைண்டருக்கும்தான் வைத்தாள். கிரைண்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரவுட்டர் எடுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து அம்மாவுக்கு அண்ணன், அப்பாவுக்கு மச்சான், எங்களுக்கு மாமா. அலமாரியிலிருந்து இறங்கி, ஒரு ஆண்டெனாவில் வாளியும் இன்னொன்றில் கரண்டியுமாக யாருக்கு எப்போது என்று அவரே முடிவு செய்தார்.

நான் தினமும் இலையை எதிர்ப்பக்கமாக மடித்து வைத்துவிட்டு எழுந்தேன்.

"இது என்ன துக்க வீடாடி? உன் பக்கமா மடி, சுடரு."

"திருப்தியாச் சாப்பிட்டவங்கதாம்மா தன் பக்கம் மடிக்கணும். எனக்குத் திருப்தி இல்ல."

இந்த நிலையில்தான் முனைவர் பட்ட ஆய்வுக்கான நேர்காணல் வந்தது. இருப்பது ஒரே இடம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, திரை வழியாக. முகம் தெரியாதவர் வராதவராகக் கருதப்படுவார் என்று அழைப்பில் போட்டிருந்தார்கள். பத்து மணி என்பது முதல் பந்தி நேரம். மாமாவிடம் போனேன்.

"வியாழக்கிழமை மட்டும் என்னை முதல் பந்தியில உட்கார வைங்க மாமா."

"பொம்பளப் புள்ள முதல் பந்தியிலயா? சம்பிரதாயம்னு ஒண்ணு இருக்கும்மா."

"எந்தச் சம்பிரதாயம்? நீங்க வந்தே மூணு வருஷம்தான் ஆகுது."

"மூணு வருஷம் விடாம நடந்தா அது சம்பிரதாயம்தான்."

இதற்கு மேல் அவரிடம் கேட்க என் சுயமரியாதை இடம் கொடுக்கவில்லை. பெரிய கடைத்தெருவுக்குப் போய்ச் சொந்தமாக ஒரு ரவுட்டர் கேட்டேன். கடைக்காரர், "எத்தனை பந்தி?" என்றார். "ஒரே பந்தி," என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளேயிருந்து எடுத்து வந்தார். கறுப்பாக, நான்கு கைகளோடு இருந்தது. வரும் வழியில் பேசவே இல்லை. எனக்குப் பிடித்துப்போனது.

வீட்டில் அதைக் கம்பியில் மாட்டியதும், கம்பெனி லைனில் இணையம் வந்து இறங்கும் சமையல்கட்டு வாசலில் போய்க் காலி வாளியோடு நின்றது. கதவு திறக்கவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தேன்.

"எங்க லைனுக்கு உங்க மாமா முகம்தான் பழக்கம் மேடம்," என்றாள் எடுத்த பெண். "புதுசா யாராவது வந்து நின்னா திறக்காது. மாமா தன் பேரைப் புதுசுக்குக் கொடுக்கணும். கொடுத்துட்டா லைன் அதை மாமான்னே நினைச்சுக்கும்."

"கொடுக்க மாட்டேன்னு சொன்னா?"

"அது உங்க குடும்ப விஷயம் மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

புதன்கிழமை மாலை ஹாலில் விவாதம் நடந்தது.

"ஊர்ல என்ன நினைப்பாங்க? மச்சானை மாத்திட்டான்னு பேசுவாங்க," என்றார் அப்பா.

"ஒரு இன்டர்வியூவுக்கா அக்கா இவ்ளோ சண்ட?" என்றான் தினகர்.

"முதல் பந்தியில உட்கார்ந்துகிட்டு நீ பேசாதடா."

நான் சமத்துவம் பேசினேன். மாமா ஒழுங்கு பேசினார். நான் உரிமை என்றேன். அவர் வரிசை என்றார். இத்தனை பேச்சுக்கு நடுவிலும் தினகரின் விளையாட்டுக்கு இரண்டு கரண்டி, அப்பாவின் செய்திக்கு ஒரு கரண்டி என்று ஊற்றிக்கொண்டே இருந்தார். அந்தக் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தோன்றியது.

"மாமா, நீங்க எந்தப் பந்தியில சாப்பிடுவீங்க?"

கரண்டி அந்தரத்தில் நின்றது. தினகரின் விளையாட்டில் ஒருவன் குதித்தபடியே நின்றான்.

"பரிமாறுறவன் கடைசியிலதான் சாப்பிடணும்," என்றார் மாமா.

"கடைசியில என்ன இருக்கும்?"

அவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"எத்தனையோ படம் தூக்கிட்டு வந்திருக்கேன்மா. ஒண்ணைக்கூட உட்கார்ந்து பார்த்ததில்ல."

எனக்கு வாதம் செய்யத்தான் தெரியும், ஜெயித்தால் என்ன செய்வது என்று தெரியாது. அம்மாதான் எழுந்து போய் ஓர் இலையைக் கொண்டுவந்து போட்டுத் தண்ணீர் தெளித்தாள்.

"வாங்கண்ணே, உட்காருங்க. அது பரிமாறட்டும்."

மாமா புது ரவுட்டரைக் கிட்டே கூப்பிட்டுத் தன் பெயரை அதன் காதில் சொன்னார். வாளியைக் கொடுத்தார். சமையல்கட்டுக் கதவு திறந்தது.

வியாழக்கிழமை எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். புது ரவுட்டர் நான்கு கைகளாலும் பரிமாறியது. கடைசி இலையில் மாமா, யானை குளிக்கிற படம் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினார். எனக்கு எதிரே இரண்டு பேராசிரியர்கள், மூக்குக் கண்ணாடியின் கீறல்வரை தெளிவாகத் தெரிந்தார்கள். மூன்றாவது கட்டத்தில் வெறும் கட்டங்கட்டமாக ஒரு சேலை அசைந்தது.

"மன்னிக்கணும்," என்றது அந்தக் குரல், விட்டுவிட்டு. பேராசிரியர் எஸ்தர் கமலினி. "எங்க வீட்ல... இனிமேதான்... மூணாம் பந்தி."

"மூணு பேர் முகமும் தெரியணும். இல்லன்னா நேர்காணல் செல்லாது," என்றார் மூக்குக் கண்ணாடி. "அடுத்த வருஷம் பார்த்துக்கலாமே."

நான் புது ரவுட்டரைப் பார்த்தேன். அது வாளியோடு வந்து, ஒரு கையைத் திரைக்குள் நீட்டியது. அந்தப் பக்கம் எஸ்தர் கமலினி இலையைச் சரியாக நகர்த்தி வைத்தார். முகம் வந்தது. பின்னாலிருந்த அலமாரி வந்தது. "போதும்மா, போதும்," என்று இலைக்கு மேல் கையைக் குறுக்கே காட்டிவிட்டு முதல் கேள்வியைக் கேட்டார்.

நான் பதில் சொன்னேன். அவர் மறுத்தார். நான் விடவில்லை. அவரும் விடவில்லை. மற்ற இருவரும் மோர் சாதம் வரைக்கும் வந்துவிட்டார்கள். நாங்கள் இன்னும் முதல் கேள்வியிலேயே இருந்தோம். கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே இலையைத் தன் பக்கமாக மடித்தார். மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தங்கள் பக்கமாகவே மடித்தார்கள். நானும் என் பக்கம் மடித்தேன். அம்மா கவனித்தாள்.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது, எஸ்தர் கமலினி வீட்டு ரவுட்டர் வாளியை அங்கேயே வைத்துவிட்டுத் திரையைத் தாண்டி வந்து, மாமாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டிருந்தார். மாமா அவருக்கு யானையைக் காட்டிக்கொண்டிருந்தார். அம்மா இன்னோர் இலை போட்டாள்.