அம்மாளுக்கு விட்ட மடல்

ஊசியைப் போட்ட பிறகுதான் அடுப்பைப் பார்த்தேன். நெருப்பு இல்லை.

மாமி குசினி வாசலில் இருந்து அரிசி களைந்துகொண்டிருந்தார். அவர் கையில் அவசரம் எதுவும் தெரியவில்லை.

"பொங்கல் இன்னும் வைக்கல்லையா மாமி?"

"புண்ணியகாலம் முடியட்டும் மனே. அதுக்குப் பிறகுதானே அடுப்பு மூட்டுற."

"முடிஞ்சிட்டே?"

"அது திருக்கணிதத்துக்கு. எங்கட வீட்டில எப்பவும் வாக்கியம்தான். நிருஷா சொல்லல்லையா?"

சொல்லியிருப்பாள். மட்டக்களப்பில் கந்தோர் வேலைக்காக நான் தங்கும் அறையில் தொங்குவது திருக்கணிதப் பஞ்சாங்கம். அதைப் பார்த்து நேரம் கணக்கிட்டு, தலையில் மூலிகை மருத்துநீர் வைத்துக் குளித்து, புத்தாண்டுப் புண்ணியகாலம் முடிந்த கையோடு பொங்கல் கிடைக்கும் என்று இன்சுலினைப் போட்டுவிட்டேன். இரண்டு பஞ்சாங்கத்துக்கும் நடுவில் ஒரு பானைப் பொங்கல் தள்ளிப்போய்விட்டது.

பதினாறு வயதில் எனக்குச் சீனி வருத்தம் வந்தது. ஊசி போட்டால் சாப்பிட வேண்டும். சாப்பிடாவிட்டால் இரத்தத்தில் சீனி இறங்கும். இறங்கிக்கொண்டே போனால் மயக்கம். அதற்கும் கீழே போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. ஆனால் சாமிக்குப் படைக்கும் முன்பு மாமியிடம் சாப்பாடு கேட்க எனக்கு வாய் வரவில்லை. சுனாமிக்குப் பிறகு பனிச்சங்கேணியில் இந்த வீட்டுக்கு நான் வந்த முதல் சித்திரை அது. சண்டையும் முடிந்து வந்த முதல் சித்திரை. மாமி வாங்கி வைத்திருந்த புது வேட்டியைக் கட்டிக்கொண்டு நின்றேன். காற்சட்டைப் பையில் எப்போதும் இனிப்பு டொபி வைத்திருப்பேன். அது போதும், சமாளிக்கலாம் என்று நினைத்தேன்.

அப்போது சதீசன் வேலியைத் தாண்டிக் குதித்து வந்தான்.

"அத்தான், சவள் வலிப்பீங்கதானே?"

சதீசன் என் மனைவி நிருஷாவின் தம்பி. அவனும் இடுப்பில் புதுச் சாரம் கட்டியிருந்தான். மூச்சு வாங்கியது.

"நாலாவது ஆள் பொண்டாட்டி ஊருக்குப் போய் இன்னும் வரல்ல. பிரதம விருந்தாளி வேற ஊருக்கும் போகணுமாம். தோணிப் போட்டிய இப்பவே வைக்கப் போறாங்க. வாங்க அத்தான், சுறுக்கா!"

"சாப்பிடாத மனிசனை எங்கடா இழுத்திட்டுப் போறாய்?" என்றார் மாமி.

"வந்து தின்னலாம்மா! எஞ்சின்மா, எஞ்சின்!"

அந்த எஞ்சினைப் பற்றி முதல் நாள் பின்னேரம் முழுவதும் கேட்டிருந்தேன். தோணிப் போட்டியில் முதலாவதாக வருபவர்களுக்கு ஒரு நிவாரண நிறுவனம் கொடுக்கும் புது வெளியிணைப்பு இயந்திரம். சதீசனின் பழைய படகையும் எஞ்சினையும் சுனாமி கொண்டுபோனது. அதே காலையில்தான் நிருஷாவும் போனாள். பிறகு நிவாரணத்தில் ஒரு தோணி கிடைத்தது. எஞ்சின் கிடைக்கவில்லை. சண்டைக் காலத்தில் அதற்கு அனுமதி இல்லை. இப்போது அனுமதி உண்டு, எஞ்சின்தான் இல்லை. அது இல்லாமல் அவன் வாவியைத் தாண்டிக் கடலுக்குப் போக முடியாது. வாவி மீனில் வீடு நடக்காது.

வாவிக்கரை வவுணதீவில் பிறந்தவனுக்குச் சவள் என்ற துடுப்பைப் பிடிக்கத் தெரியாமல் இருக்காது. போனேன்.

கரை முழுக்கச் சனம். ஒலிபெருக்கி அலறியது. தோணியின் முன்பக்க அணியத்தில் சாமித்தம்பி அண்ணன் ஏற்கனவே ஏறி இருந்தார். ஊரில் பழைய மீனவர், வாய்க்குப் பூட்டு இல்லாதவர். அவருக்குப் பின்னால் இஷாம். ஓட்டமாவடியில் இருந்து மீன் வாங்க வருபவன், சதீசனின் கூட்டாளி.

"என்னடா சதீசன், ஆள் இல்லெண்டு கந்தோர்க்காரரையா புடிச்சிட்டு வந்த?" என்றார் சாமித்தம்பி. "சவளைத் தாங்க எண்டு விண்ணப்பம் எழுதுவாரே."

"சும்மா இரிங்க சாமித்தம்பியண்ணன்," என்றான் இஷாம். "படிச்ச மனிசன். தண்ணியிட ஆழத்தக் கேட்டுக் கேட்டு வலிப்பார்."

நான் சிரிக்கவில்லை. அவர்களும் எதிர்பார்க்கவில்லை. இஷாமுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். சதீசன் கடைசியில் இருந்து தோணியைப் பிடித்தான். வெடி கேட்டது.

வாவியின் நடுவில் சிவப்புக் கொடி கட்டிய கம்பு ஒன்று நட்டிருந்தார்கள். அதைச் சுற்றித் திரும்ப வேண்டும். ஆறு தோணிகள் ஒன்றாகப் பாய்ந்தன. தண்ணீர் முகத்தில் அடித்தது. சதீசன் "ஏலேய்!" என்றான், நாலு சவளும் விழுந்தன. "ஏலேய்!" மறுபடியும் விழுந்தன. நாலு தோணிகள் பின்னால் போயின. அடுத்த ஊரான மாங்கேணியின் தோணி மட்டும் எங்கள் பக்கத்திலேயே வந்தது.

தொடக்கத்தில் எனக்குள் சந்தோசமோ துக்கமோ எதுவும் இல்லை. நிருஷா போன பிறகு எனக்குள் எப்போதும் எதுவும் இல்லை. சம்பளம் வந்தாலும், மழை வந்தாலும், சண்டை முடிந்ததாக வானொலி சொன்னபோதும் அப்படித்தான். கை வலித்தது, நான் வலித்தேன்.

பிறகு ஒன்று ஏறியது. வயிற்றில் தொடங்கி நெஞ்சுக்கு வந்தது. வாவி பச்சையாக இருந்தது. இவ்வளவு பச்சை என்று எனக்குத் தெரியாது. இஷாமின் முதுகில் வியர்வை மின்னியதைப் பார்க்கச் சிரிப்பு வந்தது. மாங்கேணித் தோணியைப் பார்த்து நான் கத்தினேன்.

"மாங்கேணி! சோறு திண்டிட்டு வந்தீங்களா, சோத்துப் பானையத் தூக்கிட்டு வந்தீங்களா? தோணி அசையல்லையே!"

சாமித்தம்பி சவளை விட்டுவிடுவார் போலத் திரும்பினார். "அடி சக்கை! கந்தோர் கதைக்குது!"

"பாட்டுப் படிக்கட்டா?" என்றேன்.

"படிங்க மருமகன், படிங்க!"

படித்தேன். என்ன பாட்டு என்று நினைவில்லை, சொற்களை நானே போட்டேன். மாங்கேணிக்காரனின் மீசையைப் பற்றி ஒரு வரி வந்தது. இஷாம் சிரித்ததில் தோணி ஆடியது. பின்னால் சதீசனின் குரல் உடைந்தது.

"டேய், அத்தான் சிரிக்கிறார்டா! அத்தான் சிரிக்கிறார்!"

அந்தக் குரலுக்காகவே இன்னும் பலமாக வலித்தேன். மாங்கேணியின் அணியம் எங்கள் நடுவுக்கு வந்தது, பிறகு கடைசிக்கு வந்தது, பிறகு தெரியவில்லை. கொடிக்கம்புக்கு நாங்கள்தான் முதலில் போனோம்.

கம்பைச் சுற்றும்போது சதீசன் காலடியில் இருந்த கமுகு மடலை எடுத்துத் தண்ணீரில் விட்டான். வருடத்தின் முதல் ஓட்டத்தில் கடலாச்சி அம்மாளுக்கு மடல் விடாமல் எந்தத் தோணியும் திரும்பாது. வெற்றிலை, பூ, ஒரு சீப்பு வாழைப்பழம், சர்க்கரைக் கட்டி எல்லாம் அதில் இருந்தன. சாமித்தம்பி ஒரு கையால் கும்பிட்டார். மடல் ஆடி ஆடிப் பின்னால் போனது.

"இனி எஞ்சின் எங்கடதான்! வலிங்கடா!"

வலித்தோம். கரையில் சனம் துள்ளுவது தெரிந்தது. என் சவள் இஷாமின் சவளில் மோதியது. சிரித்தேன். மறுபடி மோதியது. இன்னும் சிரித்தேன். சிரிப்பை நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. உதடு என்னுடையதாக இல்லை.

நிருஷாவுக்கு இந்தச் சிரிப்பைத் தெரியும். "நீங்க காரணம் இல்லாமச் சிரிக்கிற ஆள் இல்ல. இப்பிடிச் சிரிச்சா எனக்குப் பயம்" என்பாள். கதைத்துக்கொண்டே கையை என் பிடரியில் வைப்பாள். குளிர்ந்திருந்தால் கதையை அப்படியே விட்டுவிட்டுச் சீனிப் போத்தலை எடுப்பாள்.

பிடரியைத் தொட்டேன். அந்த வெயிலில் அது குளிர்ந்து கிடந்தது.

இடுப்பில் கை வைத்தேன். வேட்டி. வேட்டிக்குப் பை இல்லை. டொபி பழைய காற்சட்டையோடு மாமி வீட்டில் கிடந்தது.

நான் சொல்லவில்லை. கரை எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. சதீசனின் எஞ்சின் அங்கே மேசையில் மினுங்கியது. அது ஒரு காரணம். மற்றக் காரணம் அந்தப் பச்சை. சொன்னால் பச்சை போய்விடும் என்று நினைத்தேன். அப்படியே போய்ச் சேரலாம் என்றும் நினைத்தேன். எங்கே சேருவது என்பதை யோசிக்கவில்லை.

பிறகு சவள் கையை விட்டுப் போனது. அது மிதப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிக அழகாக மிதந்தது.

"அத்தான்! சவள்! என்ன பகிடி இது?"

அவன் குரலில் எஞ்சின் போய்விடும் என்ற பயம் இருந்தது. அவன் அக்காவின் குரலும் இருந்தது.

"சதீசன்," என்றேன். "எனக்குச் சீனி இறங்குது." சொல்லிவிட்டுச் சிரித்தேன்.

சாமித்தம்பியும் சிரித்தார். "மருமகனுக்கு வேற என்னவோ ஏறிட்டு!"

சதீசன் சிரிக்கவில்லை. "இஷாம், அவர்ட பிடரியத் தொட்டுப் பார்."

இஷாம் தொட்டான். கையை இழுத்தான். "அல்லாவே! ஐசில வச்ச மீன் மாதிரி இரிக்கார்டா!"

"தின்ன என்ன கிடக்கு? இனிப்பு ஏதும்?"

"என்னிட்ட பீடிதான்."

"என்னிட்ட வெத்திலை," என்றார் சாமித்தம்பி.

நான் சரிந்தேன். இஷாம் தோளைப் பிடித்தான். சதீசன் கரையைப் பார்த்தான். முக்கால்வாசித் தூரம் இன்னும் இருந்தது. பின்னால் பார்த்தான். கொஞ்சத் தூரத்தில் மடல் மிதந்தது. அதற்கும் எங்களுக்கும் நடுவில் மாங்கேணித் தோணி வந்துகொண்டிருந்தது.

"தோணியத் திருப்பு."

"விசரா உனக்கு?" என்றார் சாமித்தம்பி. "எஞ்சின்டா!"

"திருப்புங்க எண்டன்!"

"டேய், அது அம்மாளுக்குக் குடுத்தது. குடுத்ததத் திருப்பி எடுக்கப் படாது!"

"அவ எங்களிட்ட எடுத்தது காணாதா?" என்று கத்தினான் சதீசன். சவளைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் பாய்ந்தான்.

அதன் பிறகு நடந்தவற்றைத் துண்டு துண்டாகத்தான் பார்த்தேன். ஒலிபெருக்கி சொன்னது: "பனிச்சங்கேணித் தோணியிலிருந்து ஒருவர் பாய்ந்துவிட்டார்! காரணம் தெரியவில்லை! சனங்களே, காரணம் தெரியவில்லை!" மாங்கேணித் தோணி எங்களைக் கடந்தது. "என்ன, மருத்துநீர் கழுவ வந்தீங்களா?" என்று அதிலிருந்து ஒருவன் கேட்டான். சாமித்தம்பி அவனுடைய தகப்பனைப் பற்றி ஏதோ பதில் சொன்னார். இஷாம் என் கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தான். "மச்சான், கண்ணத் திறங்க. என்னப் பாருங்க. பாட்டப் படிங்க மச்சான், அந்த மீசைப் பாட்டப் படிங்க." பாட்டு வரவில்லை. மீசை என்றால் என்ன என்பதே தெரியவில்லை.

சதீசன் ஒரு கையால் நீந்தி வந்தான். மறுகையில், தலைக்கு மேலே, மடல். தோணியின் விளிம்பைப் பிடித்தபடி பழத்தை உரித்தான். பாதித் தோலோடு என் வாயில் திணித்தான்.

"மெல்லுங்க அத்தான். முழுங்குங்க. இன்னொண்டு. வாயத் திறங்க!"

வாழைப்பழம். பிறகு உப்புத் தண்ணீர் பட்ட சர்க்கரை. பிறகு பழம். சாமித்தம்பி கண்ணை மூடிக்கொண்டார். "தாயே, பொறுத்துக்க. புள்ளைக்குச் சுகமில்ல. பெரிய மடலா விடுறம்."

"பிறகு கும்பிடலாம், வலிங்க!" சதீசன் பின்பக்கமாக எட்டி ஏறினான். "இன்னும் போட்டி முடியல்ல!"

நான் தோணியின் அடியில் கிடந்து மென்றேன். மேலே மூன்று பேர் வலித்தார்கள். மாங்கேணிக்காரர்கள் வென்றுவிட்டதாக நினைத்து வலிப்பதைக் குறைத்திருந்தார்கள். ஒருவன் எழும்பி நின்று சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். சதீசன் சத்தம் போடவில்லை. மூவரும் சத்தமே இல்லாமல் வலித்தார்கள். சட்டையைச் சுழற்றியவன் திரும்பிப் பார்த்துவிட்டு விழுந்தடித்து உட்கார்ந்தான். இரண்டு தோணிகளும் உரசின. கரை ஒரே குரலாகக் கத்தியது. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவர்களுடைய அணியம் முன்னால் இருந்தது. ஒரு முழம் இருக்கும். அவ்வளவுதான்.

கரையில் என்னைத் தூக்கி நிழலில் இருத்தினார்கள். இஷாம் எங்கோ ஓடிப்போய் ஒரு சோடா கொண்டு வந்தான். குடித்தேன். தலை தெளிந்தது. வாவியைப் பார்த்தேன். பச்சை குறைந்திருந்தது. இனி அந்தப் பழைய வெறுமை திரும்பி வரும் என்று காத்திருந்தேன்.

மாங்கேணிக்காரர்கள் எஞ்சினைத் தோளில் வைத்து ஆடிக்கொண்டு போனார்கள். சதீசன் கரைக்கு வரவே இல்லை. இடுப்பளவு தண்ணீரில் தோணியைப் பிடித்துக்கொண்டு இருந்தான். முகத்தை எங்களுக்குக் காட்டவில்லை. நான் எழும்பித் தண்ணீர் ஓரம்வரை போனேன்.

"சதீசன். உன்ட எஞ்சின்."

"எஞ்சின் போனாப் போகுது. உங்களையும் விட்டிட்டு வந்திருந்தா அக்காக்கு நான் என்ன சொல்ற?"

அவனை நோக்கிக் கையை நீட்டினேன்.

"வெளிய வா. குளிரப் போகுது."

"நீங்க போங்க அத்தான்."

"வாடா."

"போங்க எண்டன்தானே."

எஞ்சின் போன துக்கம் என்று நினைத்தேன். ஒலிபெருக்கி அழைத்தது. "இரண்டாம் பரிசு, ஐஸ் பெட்டி! பனிச்சங்கேணித் தோணித் தலைவர் சதீசன் மேடைக்கு வரவும்! பிரதம விருந்தாளி காத்திருக்கிறார்!"

சதீசன் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினான். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது.

"என்னடா?"

அவன் என்னைப் பார்த்தான். சாமித்தம்பியைப் பார்த்தான். "சாரம் போயிட்டு," என்றான் மெதுவாக. "பாஞ்சபோது."

சாமித்தம்பி கொடிக்கம்பு இருந்த திசையைப் பார்த்தார். கையைக் கூப்பினார். "அம்மாள் சும்மா விடுவாளா? பழத்த எடுத்தீங்க, சாரத்த எடுத்திட்டா. கணக்குச் சரி."

"அத்தான், உங்கட வேட்டியக் கழட்டித் தாங்க."

"அப்ப நான்?"

"நீங்க வருத்தக்காரர்தானே, தண்ணிக்குள்ள படுத்துக் கிடங்க. ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டாங்க."

"இரண்டாம் பரிசு! சதீசன்! உடனடியாக!"

சிரிப்பு வந்தது. மணலில் உட்கார்ந்துவிட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணால் தண்ணீர் வந்தது.

"ஐயோ, திரும்பக் குறைஞ்சிட்டு!" இஷாம் பாய்ந்து வந்து சோடாவை என் வாயில் வைத்து அழுத்தினான். சாமித்தம்பி என் காலைத் தூக்கிப் பிடித்தார். ஏன் என்று அவருக்கும் தெரியாது. சதீசன் தான் இருந்த நிலையை மறந்து பாதி எழும்பினான், கரையில் நின்ற பெண்கள் கத்தியதும் மறுபடி அமர்ந்தான்.

"இல்ல," என்றேன், சோடா மூக்கால் வர. "சீனி சரியாத்தான் கிடக்கு."

யாரும் கேட்கவில்லை. இஷாம் என் பிடரியில் கை வைத்தான். வைத்தபடியே இருந்தான்.

"சூடாத்தானே கிடக்கு," என்றான் சாமித்தம்பியிடம். "அப்ப என்னத்துக்கு இந்த மனிசன் சிரிக்கிறார்?"