ஞாயிற்றுக்கிழமை நடை

கேக்கின் மேல் பச்சை மார்சிபானில், அந்தப் பாதாம் விழுதில், பெரிதாக A என்று எழுதியிருந்தார்கள். கப்பல் கம்பெனியின் பெர்கன் அலுவலகத்தில் எதற்கெடுத்தாலும் கேக்தான். ஒருவர் சேர்ந்தால் கேக், ஓய்வு பெற்றால் கேக், தணிக்கை முடிந்தால் கேக். விடுப்பு முடிந்து மறுநாள் கப்பலேற வேண்டிய கேப்டன் ஒட்வார், நனைந்த மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எழுத்து அவருடைய மனைவியின் தம்பி ஸ்டெய்னார் ஓட்டும் ‘ராம்னெஸ்’ கப்பலுக்கு. சுவரிலிருந்த திரையில் இரண்டு கப்பல்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஒரே கட்டுமானத் தளத்தில் ஒரே வருடம் பிறந்த இரட்டையர். ராம்னெஸ்ஸுக்குக் கீழே பச்சை. ஒட்வாரின் ‘குவிட்னெஸ்’ஸுக்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில் D.

“ஒரு துண்டு எடுத்துக்க, ஒட்வார். உன் கப்பலுக்கும் சேத்துத்தான் வாங்கினது” என்றாள் குன்வோர். கம்பெனியின் எல்லா ரசாயன டாங்கர்களின் புகைக்கணக்கும் அவள் கையில்தான் இருந்தது.

“D-க்கு கேக் போடுற வழக்கம் உண்டா?”

சிலர் சிரித்தார்கள். ஒட்வார் சிரிக்கவில்லை. அந்தக் கணக்கு அவருக்கு மனப்பாடம். கப்பல் வருடம் முழுக்க விட்ட கரிப்புகையை, அதன் கொள்ளளவாலும் அது ஓடிய தூரத்தாலும் வகுக்க வேண்டும். வருகிற எண்ணுக்கு ஏற்ப A முதல் E வரை ஓர் எழுத்து. என்ன ஏற்றினாய், எவ்வளவு ஏற்றினாய் என்ற கேள்வியே அதில் கிடையாது. ராம்னெஸ் அட்லாண்டிக்கைக் குறுக்கே தாண்டுகிற கப்பல். திரும்பும்போது பாதி நாள் வெறும் வயிற்றோடு வரும். அந்த வெறும் ஓட்டமும் தூரம்தான், புண்ணியக் கணக்கில் சேரும். குவிட்னெஸ்ஸோ பால்டிக் துறைமுகங்களுக்கு இடையில் அமிலத்தையும் கரைப்பான்களையும் சுமந்து அலைகிறது. சிறு சிறு ஓட்டம். ஒவ்வொரு சரக்குக்கும் இடையில் வெந்நீரால் டாங்கிகளைக் கழுவ வேண்டும். துறைமுக வாசலில் இடத்துக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். கழுவும்போதும் கிடக்கும்போதும் புகை ஏறும், தூரம் ஏறாது. வீடு வீடாக ஏறி இறங்கித் தபால் கொடுப்பவனை, நெடுஞ்சாலையில் காலி வண்டி ஓட்டுகிறவனோடு நிறுத்திப் பார்த்து, நீ சோம்பேறி என்று சொல்வது போல இருந்தது அவருக்கு.

ஆனாலும் ராம்னெஸ் போன வருடம் C. ஒரே வருடத்தில் எப்படி A?

ஸ்டெய்னார் காப்பிக் கோப்பையோடு வந்து தோளில் இடித்தான். “மச்சான், மூஞ்ச ஏன் இப்படி வச்சிருக்க? ரகசியம் சொல்லவா? ஹூஸ்டன் வாசல்ல காத்துக் கெடக்கச் சொன்னாங்கல்ல, நான் நங்கூரமே போடல. கப்பல ஞாயித்துக்கெழம நடைக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன்.”

“என்னது?”

“வளைகுடாக்குள்ள மெதுவா ஒரு ரவுண்டு. அப்புறம் இன்னொரு ரவுண்டு. தூரம் ஏறுது, எண்ணு எறங்குது. ஆரஞ்சுப் பழம் உரிச்சுத் தின்னாததுதான் கொற.”

பெர்கனில் ஞாயிறானால் ஊரே மலையேறும். யாரும் எங்கும் போய்ச் சேர வேண்டியதில்லை. நடந்துவிட்டு, ஓர் ஆரஞ்சைத் தின்றுவிட்டு, வந்த வழியே இறங்குவார்கள். ஒட்வாரும் அப்படி நடந்தே வளர்ந்தவர். அந்தச் சொல்லை இவன் எங்கே கொண்டுபோய் ஒட்டியிருக்கிறான்!

“எண்ணெய எரிச்சுக்கிட்டு சும்மா சுத்துன. அதுக்கு உனக்குக் கேக்கு.”

“நானா விதி எழுதினேன்?”

“வெக்கமா இல்ல உனக்கு?”

குன்வோர் தட்டை மேசையில் வைத்துவிட்டு அவரை ஜன்னலோரம் அழைத்துப் போனாள். வெளியே மழை துறைமுகத்தை அடித்துக்கொண்டிருந்தது. “ஒட்வார், இதுக்கு இங்க நாங்க சுறுசுறுப்பான காத்திருப்புன்னு பேரு வச்சிருக்கோம்” என்றாள் தாழ்ந்த குரலில். “இந்த வருஷமும் D வந்தா மூணாவது வருஷம். வாடகைக்கு எடுக்கிறவங்க ஏற்கெனவே மூஞ்சியத் திருப்புறாங்க. குவிட்னெஸ்ஸ உடைக்க அனுப்பிருவாங்க. இன்னும் பத்து வருஷம் ஓடுற கப்பல். உன் ஆளுங்களுக்கு வேற கப்பல் இருக்கான்னு என்னைக் கேக்காத, இல்ல.”

அவர் கேக்கைத் தொடாமலே படியிறங்கினார்.

இலையுதிர் காலக் கடைசியில் குவிட்னெஸ் ராட்டர்டாம் வாசலில் நங்கூரம் போட்டுக் கிடந்தது. முனையத்தில் இடமில்லை, ஒரு வாரமாவது ஆகும் என்றார்கள். சுற்றிலும் காத்திருக்கும் கப்பல்கள், எல்லாம் ஒரே திசையில் மூக்கை நீட்டிக்கொண்டு. காலைச் சாப்பாட்டு நேரத்தில் குன்வோர் தொலைபேசியில் வந்தாள்.

“வருஷம் முடியப் போகுது. நீ இப்போ எல்லைக்கோட்டு மேல நிக்கிற. இந்த வாரம் சும்மா கெடந்தா D. வடக்க மெதுவா போயிட்டு வந்தா C.”

“போயிட்டு வந்தா எவ்வளவு எண்ணெய் கூடுதலா எரியும்னு உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“அப்ப எழுதிக் குடு. புகையக் கொறச்சுக் காட்டறதுக்காகக் கூடுதலாப் புகை விடுன்னு, இதே வார்த்தையில ஒரு வரி எழுதி அனுப்பு. இப்பவே கெளம்பறேன்.”

“ஓட்டம் பத்தின முடிவு எப்பவும் கேப்டனோடது, ஒட்வார். உனக்குத் தெரியாததா?”

அவர் ரிசீவரை அதன் தொட்டிலில் அறைந்த வேகத்தில் சுக்கான் அறையில் நின்ற இரண்டாம் அதிகாரி திடுக்கிட்டான். இத்தனை வருடங்களில் பெயின்ட் டப்பா வாங்கக்கூட நாலு பேரிடம் அனுமதி கேட்க வைத்தவர்கள்! இந்த ஓர் அழுக்கை மட்டும் கழுவித் துடைத்து, கேப்டனின் முடிவு என்று பேர் வைத்து அவர் கையில் கொடுக்கிறார்கள். கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? விதி எழுதியவன் லண்டனில். கேக் வெட்டியவள் பெர்கனில். இங்கே கடலும் இவரும்தான்.

டெக் ஆட்களுக்குத் தலைவனான ரொடேலியோ காப்பி எடுத்துக்கொண்டு மேலே வந்தான். இலோய்லோ ஊர்க்காரன். கப்பல் புதிதாக இறங்கிய நாளிலிருந்து இதே கப்பல்.

“சார், சமையக்கட்டுல பேசிக்கிறாங்க. கப்பல வித்துருவாங்களாமே?”

“யார் சொன்னது?”

“ராம்னெஸ்ல என் சித்தப்பா மகன் இருக்கான். உங்க கப்பல் பரீட்சையில ஃபெயிலாம்னு கிண்டல் பண்றான். எங்க கப்பல் காலியா போயே பாஸாயிருச்சுங்கிறான்.” அவன் சிரிக்கப் பார்த்தான். “நாம என்ன சார் தப்பு பண்ணோம்? டாங்கிய ஒழுங்காத்தான கழுவுனோம்?”

ஒட்வார் காப்பியை வாங்கி ஒரு வாய் குடித்தார். காப்பி சுட்டது. பாக்கெட்டில் கைபேசி அதிர்ந்தது, ஸ்டெய்னார். ‘நடைக்குக் கெளம்பறியாமே மச்சான்! ஆரஞ்சு எடுத்துக்க மறந்துராத.’ குன்வோர் இவனிடம் சொல்லியிருக்கிறாள். இவர் போவார் என்று அவர்கள் முடிவே செய்துவிட்டார்கள்.

“ரொடேலியோ, முன்னாடி போ. நங்கூரத்தத் தூக்கு.”

“இடம் கெடச்சிருச்சா சார்?” அவன் முகம் மலர்ந்தது.

“தூக்குன்னா தூக்கு!”

இயந்திரம் சூடேறியது. முன்தளத்தில் சங்கிலி ஒவ்வொரு கண்ணியாகக் கர்கர்ரென்று ஏறி வந்தது. தண்ணீர்க் குழாய் அதன் சேற்றைப் பீய்ச்சிக் கழுவியது. ஒட்வார் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தார். கழுவக் கழுவ சேறு வந்துகொண்டே இருந்தது. நங்கூரம் தரையை விட்டது என்று ரொடேலியோ கையசைத்தான். பிறகு அது நீருக்கு மேலே வந்தது, கறுத்து, வழிந்துகொண்டு.

“நிறுத்து” என்றார் ஒட்வார் வாக்கிடாக்கியில்.

சங்கிலி நின்றது. சுக்கான் பிடித்தவன் திசைக்காகக் காத்திருந்தான். இரண்டாம் அதிகாரி வேகத்துக்காகக் காத்திருந்தான். முன்தளத்தில் ரொடேலியோ ஒரு கையை உயர்த்தியபடி மேலே பார்த்தான்: போடவா, ஏத்தவா?

ஒட்வார் வாக்கிடாக்கியை வாயருகே பிடித்துக்கொண்டு நின்றார். கடலின் ஏற்ற இறக்கத்து நீரோட்டம் கப்பலின் மூக்கைப் பிடித்து மெல்லத் திருப்பியது. காத்திருக்கும் கப்பல்களின் வரிசை கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. யாரும் எதுவும் சொல்லாமலே, அவர் முழங்கைக்குப் பக்கத்திலிருந்த திரையில் கப்பல் ஓடிய தூரத்தின் கடைசி இலக்கம் மாறியது. மறுபடியும் மாறியது. கீழே, கடலுக்கும் கப்பலுக்கும் நடுவில் தொங்கிய நங்கூரத்திலிருந்து சேறு சொட்டிக்கொண்டிருந்தது.