எஞ்சினை நிறுத்தச் சொல்லும் இடம்

1

இந்தக் கதை ஒரு நாற்றத்தில் தொடங்கியது. 2007இல், பேராதனைப் பக்கம், எனக்கு முன்னால் போன பழைய ஜப்பான் கார் ஒன்று கறுப்பாய்ப் புகைத்தது. பெற்றோல் நாற்றம் வீடுவரை என்னோடு வந்தது. ஓட்டியது யாரென்று பார்க்கவில்லை. அதனால்தான் எழுத வேண்டியதாயிற்று.

முதலில் இப்படித் தொடங்கினேன்: யுத்தம் உக்கிரமடைந்திருந்த அந்நாட்களில், மலைகள் மௌனமாக

வேண்டாம். மலைகள் அவை பாட்டுக்கு இருக்கட்டும்.

2

ஓட்டியவர் ஞானேஸ்வரி. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், கம்பளையில் கணித ஆசிரியை. (கணிதம் எனக்கு வராது. பிறகு மாற்றலாம்.) ஓடும்போது புகையைத் தவிர காரில் குறையில்லை. வேகம் குறைந்தால் எஞ்சின் திணறி நின்றுவிடும். சூட்டில் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு சோதனைச்சாவடி. அங்கே எஞ்சினை நிறுத்தி, பிறந்த ஊர் எழுதிய அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை கார் அங்கேயே படுத்துவிட்டது. இன்னொருமுறை படுத்தால் காரையும் அவரையும் இராணுவ முகாமுக்குக் கொண்டுபோவதாகச் சிப்பாய்கள் சொல்லியிருந்தார்கள்.

3

பிலிமத்தலாவையில் கராஜ் வைத்திருக்கும் அழகரை ஒரு மேதையாக எழுத ஆசைப்பட்டேன். அவர் ஒத்துழைக்கவில்லை. புகைக்குழாயில் இருந்துகொண்டு காற்றை மோப்பம் பிடிக்கும் ஒட்சிசன் சென்சரின் வயரைக் கழற்றினார், எஞ்சின் திணறாமல் ஓடியது. சென்சர்தான் பொய் சொல்கிறதென்று தீர்ப்பளித்து, வேறொன்று போட்டார். புதியதும் அதையே சொன்னது: காற்று அதிகம், பெற்றோல் போதாது. காரின் கம்பியூட்டர் அதை நம்பி இன்னும் பெற்றோலை ஊற்றியது.

"இரண்டுபேரும் ஒரே பொய்யையோ சொல்லுகினம், அழகர்?" என்றார் ஞானேஸ்வரி.

 

அழகர் ஈரச்சாக்கொன்றைச் சுருட்டிச் சைலென்சரின் வாயில் அமுக்கினார், புகை வேறு வழி தேடட்டுமென்று. ஞானேஸ்வரியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டுக் காருக்கடியில் காதை வைத்தார். சென்சருக்கு முன்னால், குழாயில், மயிரிழை வெடிப்பொன்று புஸ்ஸென்றது. வெளிக்காற்று அந்த வழியாகத்தான் உள்ளே புகுந்துகொண்டிருந்தது.

"சென்சர் உள்ளதத்தான் சொல்லியிருக்கு, டீச்சர். அத வச்சு கம்பியூட்டர் போட்ட கணக்குத்தான் பிழை."

"என்ர அடையாள அட்டை மாதிரி."

அழகர் சிரித்தார். பிறகு தன்னுடைய அட்டையிலும் தமிழ்ப் பெயர்தான் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சிரிப்பைப் பாதியில் விட்டார்.

4

வெடிப்பை வெல்டிங் பண்ணியாயிற்று. அடுத்த நாள் காலை, சாவடி. எஞ்சினை நிறுத்தியாயிற்று, அட்டையைப் பார்த்தாயிற்று. போகலாமென்று சிப்பாய் கையசைக்கிறான். ஞானேஸ்வரியின் விரல்கள் சாவியில்.

முடிவு அ: ஸ்டார்ட் ஆகிறது. முதல் பாடத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்கிறார். கொஞ்சம் சப்பென்றிருக்கிறது.

முடிவு ஆ: ஆகவில்லை. சிப்பாய் துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டு, காரைத் தள்ளிவிடுகிறான். (எழுதி ரசித்தேன். ஞானேஸ்வரி கண்ணாடியில் என்னைப் பார்த்த பார்வையில் வெட்டிவிட்டேன்.)

முடிவு இ: ஆகவில்லை. முகாமுக்கு

இதை நான் எழுதமாட்டேன். அழகரின் ஒட்டு நல்ல ஒட்டு. அதுவரை நான் பொறுப்பு. சாவியைத் திருப்புவது நீங்கள். கொஞ்சம் சுறுக்காக, பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான். சிப்பாயும் திரும்பிப் பார்க்கிறான்.