பிச்சாட்டூர் ஏரி, ஏழாம் வகுப்பு

காவ்யாவின் படத்தை என் மேஜைமேல் போட்டுவிட்டுச் சிரித்தார் எங்கள் பள்ளிக் கரஸ்பாண்டன்ட் ஜெயபிரகாஷ். "என்னா பிரமிளா மேடம், ஏரில புயல் அடிச்சிடிச்சா? மரமெல்லாம் சாஞ்சி கெடக்குது!"

ஏழாம் வகுப்புக் காவ்யா வரைந்த பிச்சாட்டூர் ஏரி அது. நடுவில் நீலத் தண்ணீர். நாலு கரையிலும் பனைமரங்கள் தண்ணீர்ப் பக்கம் வேரும் வெளிப்பக்கம் தலையுமாக இருந்தன; மேல்கரையில் மட்டும் நிமிர்ந்து, இரண்டு பக்கமும் படுத்து. கீழ்க்கரை மரங்கள் சுத்தமாகத் தலைகீழ்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம். கண்காட்சிக்கு முந்தின நாள் டிராயிங் டீச்சர் உட்கார்ந்து பிள்ளைகளின் படங்களைக் 'கரெக்ட்' செய்யவேண்டும். கரெக்ட் என்ன கரெக்ட், புதிதாகவே வரைந்து கீழே பிள்ளையின் பெயரைப் போடுவதுதான். பெற்றோரும் பூரித்துப்போய் செல்போனில் பிடித்துக்கொள்வார்கள். அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சாயந்திரத்துக்குள்ள எல்லாத்தயும் நேரா நிக்க வச்சிடுங்க. இல்லன்னா ஜூன்லருந்து டிராயிங் பீரியட மேக்ஸுக்குக் குடுத்துட்றேன். அப்புறம் உங்களுக்கு இங்க என்னா வேல?"

அவர் போனதும் காவ்யாவைக் கூப்பிட்டேன். "ஏண்டி இப்படிப் போட்ட?"

"ஏரிய சுத்தி நடந்துக்கினே பாத்தேன் டீச்சர். எந்தக் கரைல நின்னாலும் எதிர்க்கரை மரம் நேராத்தான தெரியுது? அதான் பேப்பரத் திருப்பித் திருப்பிப் போட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. திருப்பதியில் படித்தபோது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கலை வரலாற்று வகுப்பு. பாதிப்பேர் தூங்கிவிடுவோம். ஒருநாள் திரையில் வந்த பழைய ஓவியத்தில் ஒரு தாமரைக்குளம், சுற்றிலும் மரங்கள் இப்படியே படுத்திருந்தன. அழகு என்று தெரிந்தது, ஏன் என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் கழித்து இந்தப் பொடிசு சொல்லித்தான் புரிகிறது. அந்த ஓவியனும் ஒரே இடத்தில் நிற்கவில்லை.

அன்று பிள்ளைகளின் படங்களில் ஒரு கோடுகூட நான் தொடவில்லை. வேலை போனால் போகட்டும் என்று வீட்டுக்கு வந்தேன். மாசக்கணக்கில் சரியாக வராமல் அடம்பிடித்துக்கொண்டிருந்த என் புத்தூர் பஸ் ஸ்டாண்ட் கேன்வாஸைச் சுவரிலிருந்து இறக்கித் தரையில் போட்டேன். சுற்றிச் சுற்றி வந்து வரைந்தேன். படத்தில் வரிசையாகச் செத்து நின்ற ஜனம் நாலு பக்கமும் கிளம்பியது. பூக்காரிக்குக்கூட ஒரு திசை கிடைத்தது.

மறுநாள் கண்காட்சியில் காவ்யாவின் ஏரியை ஹாலின் நடுவே தரையில் வைத்தேன். ஒரு பக்கம் வகுப்பில் பார்த்த அந்தப் பழைய குள ஓவியத்தின் பிரிண்ட், மறுபக்கம் என் பஸ் ஸ்டாண்ட். முதலில் வந்தவர் காவ்யாவின் நைனா கங்கையா. குனிந்தபடியே ஒரு சுற்று வந்தார். "அட, இந்தாண்ட வந்தா அந்தாண்ட மரம் நிக்குதே!" அவர் பின்னால் மற்றவர்களும் சுற்ற ஆரம்பித்தார்கள்.

ஜெயபிரகாஷ் வேகமாக வந்து கீழ்க்கரைப் பக்கம் நின்றார். "நான் என்னா சொன்னேன், நீங்க என்னா பண்ணிக்கினு இருக்கீங்க?"

"வரைஞ்சவ அவ. பேரும் அவ பேரு. என் கை பட்டா பொய்யாயிடும் சார். பொய்ய நான் வைக்க மாட்டேன்."

"அப்போ ஜூன்ல..."

"ஜூன்ல பாத்துக்கலாம்."

சுற்றிவந்த கூட்டம் அவர்மேல் இடித்தது. "சார், கொஞ்சம் ஜருகுங்க," என்றார் கங்கையா. ஜெயபிரகாஷ் ஓர் அடி நகர்ந்தார். பின்னாலிருந்தவர்கள் விடவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். என்னை முறைத்த கண் எப்போது படத்துக்கு இறங்கியதோ, மேல்கரைக்கு வந்து சேர்ந்திருந்தார். அங்கே அவருக்கு எதிரே, தலைகீழாகக் கிடந்த கீழ்க்கரைப் பனைகள் வரிசையாக நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தன.