உண்டியல்காரர் கேட்ட பேர்

...சொல்லிவிடலாம், ஒரே ஒரு வார்த்தைதானே, சொன்னால் பணம், சொல்லாவிட்டால் வந்த வழியே போய்விடுவார் இந்தக் குப்புசாமி, உண்டியல்காரர்களின் ஆள், மெட்ராஸிலிருந்து காலை பஸ்ஸில் வந்தவர், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்துப் பாயில் உட்கார்ந்து, மதனவதி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு மறுபடியும் அதையே கேட்கிறார். “அடையாளப் பேரச் சொல்லுமா. அது இல்லாம குடுக்கக் கூடாது, தப்பா நெனச்சுக்காத.” பக்கத்து வீட்டுத் தறி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு நோட்டுகூடக் கடல் தாண்டவில்லையாம், ரங்கூனில் அவள் புருஷன் பத்மராஜ் பர்மா பணத்தைக் கொடுத்தார், இங்கே இவர்கள் ரூபாயாகத் தருகிறார்கள், பாதிக்குப் பாதி போகிறது, அதற்கும் சம்மதித்திருக்கிறார், பட்டுக்கடையை அந்த ஊர் சர்க்கார் எடுத்துக்கொண்ட பிறகு வேறென்ன செய்வார், கப்பல் ஏறுகிறவர்களிடம் மூக்குத்தியைக்கூடக் கழற்றிக்கொள்கிறார்களாம். அகதியாக வந்து இறங்கிய கடைச் சிப்பந்தி சிட்டிபாபுதான் போன வாரம் சேதி கொண்டுவந்தான், “பேரு இன்னான்னு எங்கிட்ட சொல்லலக்கா. நம்ம கொழந்தைய நாங்க கூப்புட்ட பேரு, அவளுக்குத் தெரியும்னாரு.”

தெரியும், தெரியாமலா... பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது வந்திருந்தால் சுகுமாரி என்று எழுதியிருப்பார்கள், வெல்லத்துக்குக் குழந்தை வைத்த பேரே அதற்குப் பேராகிவிட்டது, அவரும் அவளும் மட்டும் கூப்பிட்ட பேர். அந்த வருஷம் அவர் ஊருக்கு வந்திருந்தார், வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணம், பாலாற்றில் புதுத் தண்ணீர் வருகிறது என்று எல்லோரும் பார்க்கப் போனார்கள், அவளும் அவரும் நடுவில் குழந்தையுமாக... “உங்கிட்டதான இருந்தா?” என்றார் அவர், “உங்ககிட்ட இல்ல இருந்தா?” என்றாள் இவள், அவ்வளவுதான், யார் கை எப்போது விட்டது, தண்ணீர் எப்போது இழுத்தது என்று இன்றுவரை தெரியாது. அடுத்த கப்பலில் போனவர் திரும்பவேயில்லை, கடிதம் வரும், அந்தப் பேர் மட்டும் எதிலும் வராது, அவளும் எழுதமாட்டாள், வெல்லம்கூட வாங்குவதில்லை, ஆனாலும் சில மாலைகளில் கிணற்றடியிலிருந்து வரும்போது பின்னால் ஈரக்கால் பதிகிற சத்தம், சின்னக் கால், திரும்பிப் பார்க்க மாட்டாள்... கடையின் பேரைச் சொல்லியிருக்கலாமே, பகவான் பேரைச் சொல்லியிருக்கலாமே, எதற்கு இதை, அவளைத் தண்டிக்கவா, இல்லை, போகட்டும் என்று சொல்லவா?

“நேரமாவுதும்மா, பஸ்ஸு பூடும்.”

“தித்தி,” என்றாள், தறிச் சத்தத்தில் அமுங்கிப்போனது. “இன்னாமா? காதுல வுழல.” “தித்தீ...” ஆற்றங்கரையில் கத்திய அதே நீட்டலோடு வந்துவிட்டது, தெருவரைக்கும் கேட்டிருக்கும், கூப்பிட்ட வாய் மூடாமல் நின்றாள், ஓடி வருகிறாளா என்று பார்ப்பதைப்போல, யாரும் வரவில்லை, குப்புசாமிதான் மிரண்டுபோய்த் தலையாட்டினார், கட்டுக்கட்டாக எடுத்துப் பாயில் வைத்தார்.

அவர் செருப்பை மாட்டும்போதுதான் கேட்கத் தோன்றியது. “அவரு எப்ப வர்றாராம்?” குப்புசாமி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “அது பத்தி தகவல் இல்லமா. இருந்த மொத்தத்தையும் கட்டிட்டாராம். கப்பல் சார்ஜுக்காவது வச்சுக்கய்யான்னு எங்க ஆளுங்க சொல்லிக்கினே இருந்தாங்களாம், காதுலயே போட்டுக்கலியாம்.”

குப்புசாமி போய்விட்டார். கட்டுகள் பாயிலேயே கிடந்தன, தொடத் தோன்றவில்லை. கப்பலுக்குக்கூட வைத்துக்கொள்ளாமல்... மறந்திருப்பாரா, காலணாவை மறக்காத மனுஷர், சர்க்கார் கப்பலில் சும்மாவே ஏற்றிக்கொள்கிறார்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்களோ, அப்படித்தான் இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் எதற்காக அவள் வாயால் அந்தப் பேரைச் சொல்ல வைத்தார், இனிமேல் அந்தக் குழந்தையைக் கூப்பிட நீ ஒருத்தி போதும் என்று நினைத்துவிட்டாரா...