ஆறாவது வீட்டுப் பால்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஒட்டுக் கேட்டது. முன் சீட்டில் ஒருத்தி சொன்னாள்: "பள்ளிக்கூடத்துக்கு மாட்டக் கூட்டிட்டுப் போயி கறந்துருக்கா!" ஏன் என்று சொல்வதற்குள் இறங்கிவிட்டாள். மீதி என் சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மலையில் பனி இறங்கிய ஓர் அதிகாலையில் ஹெப்சிபா டீச்சர்...'

(நிறுத்திவிட்டேன். மலைக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.)

2

ஹெப்சிபா, ராஜபாளையம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. சமூகப் பிரச்சினைகளை வைத்து அறிவியல் நடத்துங்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள். நம்பிவிட்டாள், பாவம்.

எட்டாம் வகுப்பு. உணவுக் கலப்படம். ஆறு பிள்ளைகள் வீட்டுப் பால் கொண்டுவர வேண்டும். அயோடின் விட்டால் மாவு கலந்த பால் நீலமாகும். முடிவுகளைச் சார்ட்டில் எழுதி, மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டும்.

"ஒண்ணாவது கலர் மாறினாத்தான் ஜட்ஜ் நின்னு பாப்பாரு," என்று முந்தின நாளே சொல்லிவைத்தாள்.*

ஐந்து வீட்டுப் பால் மாறவில்லை. ஆறாவது, மாரிச்செல்வி கொண்டுவந்தது, நல்ல கருநீலம். வகுப்பே கைதட்டியது. ஹெப்சிபாவுக்கும் சந்தோஷம்தான், மறைப்பானேன். மாரிச்செல்வியின் அம்மா அய்யம்மாள் பால்கோவா கடைக்குப் பால் ஊற்றுகிறவள் என்பது, சார்ட்டில் அவள் பேரை எழுதிய பிறகுதான் உறைத்தது.

* இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள். கண்காட்சிக்குப் போகிற எந்த டீச்சரும் சொல்வதுதான்.

3

சாயங்காலமே அய்யம்மாள் வந்துவிட்டாள். (அழவைத்துப் பார்த்தேன். மாட்டேன் என்றுவிட்டாள்.)

"தண்ணி ஊத்துவேன் டீச்சர், இல்லேங்கல. ஊரே ஊத்துது. மாவக் கையால தொட்டதில்ல. இந்த அட்டையக் கடைக்காரவிய பாத்தா ஏம் பால் வேண்டாம்பாவ. அம்புட்டுத்தான், எங்க பொழப்பு போச்சு."

"நான் என்னக்கா செய்ய? கண்ணு முன்னால நீலமாச்சே."

"காலைல மாட்டக் கூட்டிட்டு வாரேன். உங்க முன்னாலயே கறக்கேன்."

சொன்னபடி வந்தாள். பிரேயர் முடிகிறவரை மாடும் நின்றது. கறந்து, காய்ச்சி, ஆற்றி, அயோடின் விட்டார்கள். நீலத்தைக் காணோம்.

4

மாட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே இருந்தது ஒருத்திதான்.

"ஏட்டி, நீயா போட்ட?" என்றாள் அய்யம்மாள்.

"ஒரு ஸ்பூன் மைதா," என்றாள் மாரிச்செல்வி. "ஒண்ணாவது கலர் மாறணும்னு டீச்சர் சொன்னாவல்ல."

"அதுக்கு நம்ம பால்தான் கெடச்சுதா?"

"அடுத்தவிய பால்ல போட்டா அவிய பொழப்பு போயிருமேம்மா."

ஹெப்சிபாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. எனக்கும்தான்.

5

வேன் ஹார்ன் அடிக்கிறது. அய்யம்மாள் பேரை அடித்தாயிற்று. அதற்குக் கீழே 'மாவு கலந்தவர்' என்று எழுதிவிட்டு ஹெப்சிபா ஸ்கெட்ச் பேனாவோடு நிற்கிறாள்.

மாரிச்செல்வி பேரை எழுத என் கை வரவில்லை. ஹெப்சிபா தன் பேரையே எழுதினாள் என்று முடித்தால், வேலையில் இருக்கிற ஒரு டீச்சரும் நம்ப மாட்டார்.

நீங்கள் எழுதுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

மாவு கலந்தவர்: ....................